ஐஸ் பெட்டிக்குள் தூங்கும் பை

எந்தப் பொருளையும் நான் நிம்மதியாக வாங்கியது கிடையாது. குடை வாங்கப் போனால், இடி இழுக்குமோ என்று கம்பி இல்லாத குடை கேட்பேன். (இருந்தால் கொடுத்திருப்பார்கள்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடப் படிப்பு ஏறாததால் இல்லை. ஒன்பதாவதில் ஃபெயிலாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான். அப்படிப்பட்டவன் ஒரு பை வாங்கிய வகையில், ஊர் கூடி அழும்படி ஒரு மதியம் செத்துப்போயிருந்தேன்.

ஊர் பாபநாசம். பெயர் சாதிக். குவைத்தில் ஓர் அரபி வீட்டில் பதினோரு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். குளிர்காலம் வந்துவிட்டால் அரபி தன் ராஜாளிப் பறவைகளோடு பாலைவனத்துக்கு வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். பின்னாலேயே நானும் என் சட்டி பானையும். பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். மார்கழியில் அங்கே படுத்துப் பார்க்க வேண்டும். காலையில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி ஏடு படிந்திருக்கும்.

கடைசித் தடவை மூன்று கம்பளி கொண்டுபோனேன். வண்டியில் ராஜாளி உட்கார வேண்டிய இடத்தில் என் கம்பளி உட்கார்ந்துகொண்டது. அப்படியும் சளி பிடித்து, காய்ச்சல் கண்டு, மூன்று நாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. வேட்டைக்கு வந்த அத்தனை பேரும் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ராஜாளியும் பார்த்தது.

லீவில் அனுப்பும்போது அரபி சொன்னார்: "தூங்கும் பை என்று ஒன்று இருக்கிறது. கனமில்லாததாகப் பார்த்து வாங்கி வா. இந்தத் தடவையும் குளிரில் படுத்துவிட்டால் நான் வேறு சமையல்காரனைப் பார்த்துக்கொள்வேன்."

மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. ஆகவே அந்தப் பைதான் எங்கள் சோறு என்று ஆகிவிட்டது.

என் மனைவி சபியாவின் தம்பி நிஜாம் டிகிரி படித்தவன், தஞ்சாவூரில் செல்போன் கடையில் வேலை. அவன்தான் ஆன்லைனில் தேடிக் காட்டினான்.

"மச்சான், இதுல ரெண்டு வகை. ஒண்ணு பாலியஸ்டர் பஞ்சு, அது கனம். இன்னொண்ணு வாத்துத் தூவி. இறகுக்கு அடியில பொசுபொசுன்னு இருக்குமே, அது. எண்ணூறு கிராம்தான். சுருட்டுனா சொம்பு அளவுக்கு வந்துரும்."

"நனஞ்சா?"

"நனஞ்சா கட்டி தட்டிரும். சூடு நிக்காது."

"வேர்த்தா?"

"அந்தக் குளிர்ல எதுக்கு மச்சான் வேர்க்கப்போவுது?"

"பயத்துல."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

அதோடு விட்டதா? ஒவ்வொரு பைக்கும் இரண்டு குளிர்க் கணக்கு போட்டிருந்தார்கள். ஒன்று, நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இன்னொன்று, தூக்கம் வராது, ஆனால் செத்துப்போக மாட்டாய் என்கிற குளிர். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. நான் அந்த நடுவிலேயே நான்கு நாள் கிடந்தேன். பிறகு, அறுத்த வாத்தா, தானாகச் செத்த வாத்தா என்ற கவலை வந்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைக் கேட்டேன்.

"தம்பி, அதத் திங்கப்போறீங்களா, அதுக்குள்ள படுக்கப்போறீங்களா?"

"படுக்கத்தான் ஹஜ்ரத்."

"அப்பப் போயிப் படுங்க."

வெள்ளை நிறமாகப் பார்த்து எடுத்தேன். தேள் ஏறினால் தெரிய வேண்டுமே. தலைக்கும் குல்லா மாதிரி சேர்த்துத் தைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்தால் முகம் மட்டும் வட்டமாக வெளியே தெரியும். வந்த பத்து நாளைக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். பத்து நாளைக்குள் சோதித்தாக வேண்டும். ஆனால் அது பங்குனி மாதம். அறுவடை முடிந்த வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. பாபநாசத்தில் குளிருக்கு எங்கே போவது?

"காலை மட்டும் ஃப்ரிட்ஜுல நீட்டிப் பாருங்க" என்றாள் சபியா, கிண்டலாக. நான் நீட்டிப் பார்த்தேன். கதவு திறந்தே கிடந்து பால் கெட்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் பந்தல் ராஜேந்திரன் ஞாபகம் வந்தது. எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. மெயின் ரோட்டில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறான். கூடவே, துக்க வீடுகளுக்குப் போகும் ஐஸ் பெட்டியும்.

"ராஜேந்திரா, ஒரு மணி நேரம் ஒன் ஐஸ் பெட்டி வேணும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "யாருக்குடா?"

"எனக்குத்தான்."

விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"இப்பத்தான் திருக்காட்டுப்பள்ளியிலேருந்து வந்துச்சு. கழுவி வச்சிருக்கேன்."

"அங்க யாரு?"

"ஒனக்கு எதுக்குடா அந்த விசாரணை? தொண்ணூறு வயசு. ஒரு நோய்நொடி கெடையாது."

"நோய் இல்லாம எப்படிடா செத்தாரு?"

"ஏறிப் படுடா!"

மதியம் பன்னிரண்டு மணி. கடை வாசலில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி பெட்டி. காதில் குளிர் ஏறினால் எனக்கு ஆகாது என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன். பஞ்சு விழாமலிருக்கத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் ஒரு வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டேன். பைக்குள் இறங்கி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, குல்லாக் கயிற்றை இறுக்கிக்கொண்டு படுத்தேன். மூச்சு முட்டக் கூடாது என்று கண்ணாடி மூடிக்கு அடியில் ராஜேந்திரன் இரண்டு செங்கல்லைச் செருகினான்.

(இவ்வளவு பயப்படுகிறவனுக்கு, வெள்ளையில் சுற்றி, காதில் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, ஐஸ் பெட்டியில் படுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஒரு பயம் மட்டும் வரவில்லை.)

முதல் பத்து நிமிஷம் மூக்கு நுனி மட்டும் ஜில்லென்றிருந்தது. பிறகு காலடியிலிருந்து ஒரு கதகதப்பு ஏறியது. நினைவு தெரிந்த நாளிலிருந்து படுத்தவுடன் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. வீட்டை நினைப்பேன், விசாவை நினைப்பேன், கேஸ் அடுப்பை மூடினேனா என்று எழுந்துபோய்ப் பார்ப்பேன். அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் எல்லாம் அடங்கிப்போய், குழந்தை மாதிரி தூங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

பந்தல் அளவெடுக்க ஆள் கூப்பிட்டதால் ராஜேந்திரன் இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சேர் கேட்டுக் கடைக்கு வந்திருக்கிறார். கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்திருக்கிறார். எங்கள் ஆட்களில் மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, ஐஸ் பெட்டியில் வைக்கும் வழக்கம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டுமென்றால்தான் வைப்பார்கள். ஆகவே, ஏதோ பெரிய சமாச்சாரம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு நேரே மைக்குக்குப் போய்விட்டார்.

சபியா வீட்டில் கெண்டை மீன் உரசிக்கொண்டிருந்தாளாம். ஒலிபெருக்கியில் என் அத்தா பெயரைச் சொல்லி, இன்னாரின் மகன் சாதிக் வஃபாத்தாகிவிட்டார் என்று கேட்டதும், செருப்பில்லாமல், கையில் செதிலோடு, பங்குனி வெயிலில் தார் ரோட்டில் ஓடிவந்திருக்கிறாள்.

கண்ணாடியை யாரோ அறைகிற அதிர்வில் விழித்தேன். மேலே முப்பது முகம். எல்லாம் எனக்குத் தெரிந்த முகம், எல்லாம் அழுகிற முகம். காதில் பஞ்சு இருந்ததால் சத்தமே இல்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது கடைசியில் நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவை அவசர அவசரமாகச் சொன்னேன்.

உதடு அசைந்ததைப் பார்த்து முன்வரிசை பின்வாங்கியது. எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு கையும் பைக்குள். ஜிப்பு துணியைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. அப்படியே விறைப்பாக நிமிர்ந்ததில் தலை மூடியில் முட்டி, மூடி சரிய, கூட்டம் பிரிந்து நாலு பக்கமும் ஓடியது. மோதினார் ஓடிய வேகத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு எதிர்ச் சாரி டீக்கடையில் கிடந்ததாம்.

சபியா மட்டும் ஓடவில்லை. என் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். கன்னத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டது. அவள் பாதம் இரண்டும் கொப்புளித்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"ஏங்க... ஏங்க..." என்று சொல்லிக்கொண்டே அந்தச் செதிலைத் துடைத்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கூட்டத்தில் எவனோ என்னைப் போட்டோ எடுத்துக் குவைத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். அரபி உடனே வீட்டுக்குப் போன் செய்ய, நான் உயிரோடிருப்பது தெரியாமல் தஞ்சாவூரிலிருந்து அப்போதுதான் அலறியடித்து வந்திறங்கிய நிஜாம் எடுத்து, "அக்கா குடும்பத்துக்கு இனி யாரு இருக்கா" என்று இங்கிலீஷில் கதறியிருக்கிறான்.

நான் போன் செய்தபோது என் குரலைக் கேட்டதும் அரபி வைத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் பேசினார்.

"உனக்காக ஜனாஸாத் தொழுகை தொழுதாயிற்று. ஏழைகளுக்குச் சோறும் போட்டாயிற்று. உன் மைத்துனன் அழுதானே, உன் இடத்துக்கு அவனுக்கு விசா அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை எப்படி மாற்றுவேன்?" கூடவே, "உன்னைப் பார்த்தால் இங்கே ஆட்களும் பயப்படுவார்கள்" என்றார்.

முட்டை வேகவைக்கத் தெரியாத நிஜாமுக்கு ஒரு மாதம் சமையல் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட அவன்தான் அதிகம் அழுதான். பையையும் அவனிடமே கொடுத்தேன். எனக்கு இங்கே எதற்கு? மார்கழியில் பாலைவனத்திலிருந்து வாட்ஸாப்பில் குரல் அனுப்பினான்: "மச்சான், சத்தியமா குளிரே தெரியல. சூப்பரா செலக்ட் பண்ணிருக்கீங்க." வாழ்க்கையில் நான் சரியாக வாங்கிய ஒரே பொருள் அது. மகளின் ஃபீஸை அவன்தான் கட்டுகிறான். நான் ராஜேந்திரன் பந்தல் போடும் வீடுகளுக்குச் சமைக்கப் போகிறேன், நல்லதுக்கும் கெட்டதுக்கும்.

மோதினார் நேரில் போய்த் தொட்டுப் பார்த்த பிறகே மைக்கைப் பிடிக்க வேண்டும் என்று ஜமாத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். வீட்டிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மதியம் நான் கண்ணசந்தால் சபியா வந்து என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். "இருக்காரு, இருக்காரு, சோறு வைக்கலாம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். மகள் சிரிப்பாள். விருந்தாளி வந்தால் சபியா அவர்களையும் கூப்பிட்டு, விரலை வைத்துக் காட்டுவாள். நானும் தூங்குவது போலவே கிடந்து, கடைசியில் சிரித்து வைப்பேன்.

யாரும் இல்லாத மதியங்களிலும் அவள் வருகிறாள். அப்போது குரல் கொடுப்பதில்லை. விரல் மட்டும் மூக்கடியில் இருக்கும், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அவள் எடுக்கிறவரை நான் பெரிதாக மூச்சுவிட்டுக்கொண்டிருப்பேன்.