நான் ஏறினால் மட்டும் வரும் சத்தம்

பால்காரர் என் கண் முன்னால் மாட்டைக் கறந்து கொடுத்தாலும், இவர் எந்த நேரத்தில் தண்ணீர் கலந்தார் என்று யோசிக்கிற ஆள் நான். இதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிநேகமாகச் சிரித்தால் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். (அவரும் தன் பையைத் தொட்டுப் பார்ப்பார். அது வேறு விஷயம்.)

இந்தக் குணத்துக்கு அத்தாட்சியாக அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு சாவிக்கொத்து இருந்தது. வீட்டு வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு. அதன் சாவி மட்டுமே ஒருவனை அடித்துப் போடலாம் போல இருக்கும். அதோடு பீரோ, டிரங்குப் பெட்டி, ஆபீஸ் அலமாரி, மேஜை டிராயர் என்று எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில். வண்டிச் சாவியும் அதில்தான். வண்டியை யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பேன். மொத்தக் கொத்தையும் கொடுத்தால் சோப்பில் அச்செடுத்துவிட மாட்டார்களா?

வண்டி எனக்கு மாமனார் வீட்டுச் சீர். எங்களுக்கு மகள் பிறந்த சந்தோஷத்தில் மாமனார் வாங்கிக் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிள். தேடிப் பிடித்து வாங்கி வந்தது என் மனைவி தமிழரசியின் அண்ணன் முருகேசன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற மனிதர். எனக்கு மச்சான்.

வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே முன்பக்கம் ஒரு சத்தம் ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் டொக். ஏறினால் டொக் டொக். தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் பள்ளத்துக்கா பஞ்சம்? வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் பஜனை மடம் மாதிரி தாளம் போட்டுக்கொண்டே போகும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஹேண்டில்பாருக்கு மேல் குனிந்து, காதை முன் சக்கர ஃபோர்க் பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். கோரிப்பாளையம் முக்கில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "என்ன சார், மயக்கம் வருதா?" என்று விசாரித்தார்.

செல்லூரில் பாண்டி என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வழக்கம்போலச் சாவியைத் தனியாகக் கழற்றிக் கொடுத்தேன். பட்டறையில் நட்டு போல்ட்டை மாற்றிவிடுவார்கள் என்று, அதற்கு முந்தின நாளே தமிழரசியின் நகப்பூச்சால் முன்பக்க நட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்திருந்தேன்.

பாண்டி முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினான். பொட்டுகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வைகைப் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தான்.

"ஒரு சத்தமும் இல்லயேண்ணே."

"நல்லாப் பாருப்பா. கோன் செட் போயிருக்கும்." (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கிற பேரிங்தான் கோன் செட். முந்தின வாரம்தான் அந்த வார்த்தையைக் கற்றிருந்தேன்.)

"கோன் செட்டு கல்லு மாதிரி இருக்குண்ணே. பேசாம ஓட்டுங்க."

அங்கிருந்து கிளம்பி முதல் பள்ளத்தில் இறங்கினேன். டொக்.

இன்னொரு பட்டறைக்குப் போனேன். அங்கேயும் அதே கதை. அவன் ஓட்டினால் சத்தம் இல்லை, நான் ஓட்டினால் உண்டு. மச்சானே ஒரு நாள் வண்டியை இரவல் வாங்கி, திருமங்கலம் வரை போய்விட்டு வந்து, "வெண்ணெயா ஓடுது மாப்ள" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பக்கம் எங்கேயோ மோதி நொறுங்கிய வண்டியைப் பெயிண்ட் அடித்து மச்சான் என் தலையில் கட்டிவிட்டார். மெக்கானிக்குகளையும் கையில் போட்டுக்கொண்டார். இல்லாவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேரும் எப்படி ஒரே பொய்யைச் சொல்வார்கள்?

தமிழரசியிடம் சொன்னேன். பின்னால் உட்கார்ந்து வருகிறவள் ஆயிற்றே, சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது.

"சத்தம் கேக்குது, இல்லங்கல. அதுக்கு எங்கண்ணனைக் களவாணிங்கிறதா? நாளப் பின்ன அது மடியிலதான் நம்ம பிள்ளைக்குக் காது குத்தணும். வாய அடக்கிக்கங்க" என்றாள்.

அடக்கித்தான் வைத்திருந்தேன், காதுகுத்து நாள் வரைக்கும்.

சோழவந்தான் பக்கம் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் தோடு கொண்டுவந்து, பிள்ளையை மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் மடி இல்லாமல் குத்தினால் ஊர் காறித் துப்பும். மச்சான் முதல் நாளே தோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நான் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை வேனில் ஏற்றிவிட்டேன். பின்னாலேயே வண்டியில் கிளம்பினேன். கண்மாய்க்கரை முழுக்க டொக் டொக் டொக். கோயிலில் இறங்கும்போது மண்டை கொதித்துக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த மச்சான், பாசமாகத்தான் கேட்டார்:

"வாங்க மாப்ள. வண்டி எப்டி ஓடுது?"

"அடிபட்ட வண்டியப் பெயிண்ட் அடிச்சுத் தள்ளிவிட்டா எப்டி ஓடும் மச்சான்?"

சொல்லிவிட்டேன். அம்புட்டு சொந்தமும் கேட்டது. மேளக்காரர் கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

மச்சான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "களவாணிப்பய மடியில வச்சு யாரும் காது குத்த வேணாம். நான் வாரேன்."

மாமனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தமிழரசி பிள்ளையை அணைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் போனால் அவளும் அந்தப் பக்கமே போய்விடுவாள் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஆனால் வாய் சும்மா இருந்ததா? "வேணும்னா ஓட்டிப் பாருங்க! சத்தம் வருதா இல்லையான்னு எல்லாரும் கேக்கட்டும்!" என்று கத்தினேன்.

மச்சான் கையை நீட்டினார். நான் அந்தக் கோபத்திலும் மறக்காமல் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன்.

கோயிலைச் சுற்றி ஓட்டிவந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீகளா, இவுக ஏறுனா நடிக்குது! இப்ப நான் ஓட்டுறேன், கேளுங்க" என்று வண்டியை வாங்கினேன். அந்த நேரம் காது குத்த வந்த ஆசாரி, "நேரம் போகுது, தோடு எங்கப்பா?" என்று குரல் கொடுத்தார். தமிழரசி வந்து என் கையிலிருந்த சாவிக்கொத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனாள்.

நான் ஓட்டினேன். சத்தம் வரவில்லை. பள்ளமாகப் பார்த்து இறக்கினேன். வரவில்லை. பொங்கல் வைக்கிற அடுப்புக்கல் மேலேயே ஏற்றி இறக்கினேன். இடுப்பில் கட்டியிருந்த என் வேட்டி அவிழ்ந்ததே தவிர, வண்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழவர், "மாப்பிள்ளைக்கு மந்திரிச்சா தேவலை" என்றார்.

தோட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த தமிழரசி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். என்னையும் பார்த்தாள், கையில் இருந்த கொத்தையும் பார்த்தாள். அதை வண்டிச் சாவியில் கோத்துத் தொங்கவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

திண்டுக்கல் சாவி ஹெட்லைட்டின் தகரக் கூட்டில் போய் மோதியது.

டொக். டொக்.

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. மேளக்காரர் அந்தத் தாளத்தை ஒரு தடவை வாசித்தும் காட்டினார். ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மச்சான் முன்னால் போய் நின்றேன். "மச்சான், புத்தி கெட்டுப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க. பிள்ளைக்காக உக்காருங்க."

"அந்தக் கொத்தக் குடுங்க மாப்ள. அப்பத்தான் உக்காருவேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக வண்டிச் சாவியை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்ற மொத்தக் கொத்தையும் இன்னொருவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளை கையில் கொடுத்தார். பிள்ளை அதை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காது முடிந்துவிட்டது. இரண்டாவது காதுக்குத்தான் அழுதது.

கறிவிருந்து முடிந்து வீடு திரும்பினால், வாசலில் திண்டுக்கல் பூட்டு. பிள்ளை கையிலிருந்து வாங்கிய சாவிக்கொத்து கப்பலூரில், மச்சான் வேட்டி மடிப்பில். அவர் கொண்டுவந்து திறக்கும்வரை பிள்ளையோடு படியில் உட்கார்ந்திருந்தோம். தமிழரசிக்கு அடக்கமாட்டாத சிரிப்பு.

இப்போது மகள் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். வீட்டில் மிக்ஸி உறுமினாலும் ஃபேன் முனகினாலும், "அப்பா, முதல்ல சாவிக்கொத்தக் கழட்டுங்க" என்பாள். நான் யார் மேலாவது சந்தேகமாக வாயைத் திறந்தால் தமிழரசி மேஜையில் விரலால் தட்டுவாள். டொக், டொக். நான் மூடிக்கொள்வேன்.

மச்சான் அன்றைக்குச் சாவியை மறந்துதான் எடுத்துப் போனாரா, அல்லது வேண்டுமென்றேவா என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.