ஒற்றைப் பெட்டியில் தொலைந்த குரல்

இரண்டு ஸ்பீக்கரில் கணீரென்று பாடிய நித்யஸ்ரீ, ஒற்றைப் பெட்டிக்கு மாற்றியதும் காணாமல் போனாள். தவில் இருந்தது, உறுமி இருந்தது. பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல வந்தது. தரணீதரனுக்குத் தலை சுற்றியது.

மறுநாள் வீரபாண்டியில் மாமனார் கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை. அதற்காக அவர் மகளையே, அதாவது தன் மனைவி நித்யஸ்ரீயையே பாடவைத்து, வீட்டு ஸ்டுடியோவில் அவன் தயாரித்த பாட்டு இது.

"பாட்டு நல்லா அமைஞ்சா கம்பெனி மேல் ரூமை ஸ்டுடியோவுக்கே உட்டர்றேனுங்க மாப்ள. இல்லீன்னா கம்ப்யூட்டரை மூட்டை கட்டிப் போட்டுட்டு பேக்கிங் செக்சனைப் பாருங்க" என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

கம்பெனியின் தையல் ஹாலில் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. இடது, வலது என்ற பேச்சே அங்கே கிடையாது. எனவே மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது அந்தப் பெட்டியையே வீட்டுக்குத் தூக்கி வந்து, மோனோவில் கேட்டு மிக்ஸ் பண்ண உட்கார்ந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

குரலை ஏற்றினான். சின்ன முனகல் பெரிய முனகலானது. தவிலை இறக்கினான். தவில் செத்தது, முனகல் அப்படியே இருந்தது.

டீயோடு வந்த நித்யஸ்ரீ கேட்டாள். "இன்னும் முடியலீங்களா?"

"உன்ற கொரலு வெளிய வர மாட்டீங்குது."

"இப்பத்தான வந்துச்சு?"

"ரெண்டுல வருது. ஒண்ணுல வல்லே."

"அதென்ன கணக்குங்க? கல்யாணத்துக்கு முன்னாடி நான் பாடுன கேசட்டை அப்பா தெனமும் இதே பொட்டியிலதான் போடறாரு. ஒருத்தரும் ஒரு கொறை சொன்னதில்லீங்க."

அவனுக்குக் குழப்பம் இரட்டிப்பானது. பழைய கேசட் கேட்கிற பெட்டியில் தன் பாட்டு கேட்கவில்லையென்றால் தப்பு தன்மேல்தானே?

"இன்னொருக்கா பாடு. நல்லா கத்திப் பாடு."

"பாடச் சொல்றீங்களா, கத்தச் சொல்றீங்களா?"

"ரெண்டையும் சேத்து!"

கோபத்தில் அவள் ஒரு பிடி பிடித்தாள். பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க சாமி, ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?" என்றாள்.

கிடைத்த குரலைத் தீட்டித் தீட்டி ஊசியாக்கினான். இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் காதைக் குத்தியது. ஒற்றைப் பெட்டியிலோ ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஏன் என்று புரியாமலேயே சிடியில் ஏற்றினான்.

மறுநாள் மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும். பெட்டி பழைய இடத்தில் ஏறியது. பாட்டு தொடங்கியதும் நித்யஸ்ரீயின் குரல் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதித் திரும்பியது. டெய்லர்கள் கையில் எடுத்த பொரி வாய்க்குப் போகாமல் நின்றது.

கிட்டுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேல் ரூமு உங்குளுதுங்க மாப்ள! இனித் தெனமும் நம்ம கம்பெனியில இந்தப் பாட்டுத்தான்!"

தரணீதரனுக்கு உயிர் வந்தது. அப்போது தூத்துக்குடிக்கார டெய்லர் ஆரோக்கியராஜ் அவனைக் கட்டிங் டேபிள் ஓரமாக அழைத்துப் போனான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, மொதலாளி தெனமும் அக்கா பாட்டைப் போட்டு வுட்டுட்டு ஆபீஸ் ரூமுக்குள்ள போயிருதாருன்னு, காது தாங்காம நாங்க எல்லாருஞ் சேந்து அந்தப் பெட்டி நெறைய பனியன் வேஸ்ட் துணியை அமுக்கி வச்சிருந்தோம். அதையும் மீறி அக்கா கொரலை எப்படி அண்ணாச்சி வெளிய கொண்டாந்தீங்க?"