உங்கள் அப்பாவை நான் நகர்த்தவில்லை, மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் ராதோயே அவர்களுக்கு, உங்கள் தங்கை தெசாங்காவின் கணவன் திஹோமிர் தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

கிராட்ஸில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், ஆனால் அது உண்மையில்லை. மொராவா ஆற்றின் மேல் மூடிய பனி விலகவே இல்லை. உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. பீப்பாயில் போட்ட முட்டைக்கோஸ் மட்டும் நன்றாகப் புளிக்கிறது. இந்த வீட்டில் உருப்படியாக நடப்பது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் என்னைத் திட்டியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆஸ்திரியாவில் புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தைகளாக இருக்கும். "எங்கப்பாவ எங்கடா கொண்டு போய்ப் போட்ட?" என்று கேட்டது மட்டும் நன்றாகவே புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு எடுக்கவும் இல்லை. அதனால்தான் கடிதம். மச்சான், உங்கள் அப்பா நாம் படுக்க வைத்த இடத்திலேயே இருக்கிறார். ஓர் அங்குலம்கூட நகரவில்லை. என் குழந்தைகள் மேல் ஆணை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கல்லறை அலுவலகத்தில் என் வேலை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது. மண்வெட்டியை நான் கையால் தொட்டதில்லை. ஊரில் யார் எந்தப் பகுதியில், எந்த வரிசையில், எந்தக் குழியில் இருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருக்கிறது. அந்த விவரங்கள் கம்ப்யூட்டரின் வட்டில் கிடப்பது கல்லறை வரிசையில் அல்ல, வந்து சேர்ந்த வரிசையில். இன்று செத்தவர் ஒரு மூலையில், அவர் பக்கத்துக் குழியில் முப்பது வருஷமாகப் படுத்திருக்கும் பெண்டாட்டி வேறொரு மூலையில். பகுதி, வரிசை, குழி என்று ஒழுங்காகத் தேடுவதற்கு ஒரு சுட்டுப்பட்டியல் தனியாக உண்டு. பட்டியலில் குறையே இல்லை. ஆனால் அது கை காட்டும் இடங்கள் வட்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால், ஒரு குடும்பத்தின் வரிசையைத் திரையில் காட்டுவதற்குள் இயந்திரம் அங்குமிங்கும் அலைந்து மூச்சு வாங்குகிறது. இதற்கு மருந்தாக ஒரு கட்டளை உண்டு. அட்டவணை முழுவதையும் பட்டியலின் வரிசைப்படியே வட்டில் புதிதாக எழுதி வைத்துவிட்டு, பழையதை அது தூக்கி எறிந்துவிடும். நடப்பதெல்லாம் பெட்டிக்குள்ளேதான். வெளியே ஒரு புல்கூட அசையாது.

எங்கள் தலைமை அதிகாரி வுகோசாவாவை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உங்கள் காதைத் திருகிய அதே வுகோசாவாதான். வெள்ளிக்கிழமை காலை என் மேசைக்கு வந்து நின்றார்.

"திஹோமிர், நாளைக்கு இறந்தோர் சனிக்கிழமை. ஊரே கல்லறைக்கு வரும், குழி எண் கேட்டு நம்ம ஜன்னல்ல வந்து நிக்கும். போன தடவ உன் பெட்டி தேடி முடிக்கிறதுக்குள்ள ஒரு பாட்டி மயங்கி விழுந்துச்சு. இன்னிக்கே சரி பண்ணு."

"மேடம், அந்தக் கட்டளை ஓடுறப்ப அட்டவணைய யாரும் தொட முடியாது. படிக்கக்கூட முடியாது, பூட்டிக்கும். ஞாயித்துக்கிழமை பண்ணிக்கலாமே."

"செத்தவங்களுக்கு ஞாயிறு திங்கள் எல்லாம் ஒண்ணுதான். உயிரோட இருக்கறவங்கதான் நாளைக்கு வராங்க. இப்பவே போடு."

போட்டேன். முன்பு சோதனைப் பிரதியில் போட்டுப் பார்த்தபோது ஒரு காபி குடிப்பதற்குள் முடிந்திருந்தது. அந்தப் பிரதியில் ஊரின் ஒரு மூலைதான் இருந்தது என்பது காபி ஆறியபோதுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் வட்டில் இடம் போதவில்லை என்று சொல்லிக் கட்டளை நின்றது. புதிதாக எழுதி முடிக்கும்வரை பழையதும் இருக்க வேண்டுமே, இரண்டுக்கும் இடம் வேண்டாமா? அட்டவணைக்குச் சேதமில்லை, அது பழையபடியே இருந்தது. வீணானது காலை நேரம் முழுதும்தான். வட்டைத் தேடிப் பார்த்ததில் ஒரு மூலையில் பெரிய பெரிய கோப்புகள். "மேடம், பழைய குப்பை நிறைய இருக்கு, அழிச்சிடவா?" என்று கத்தினேன். "அழி அழி, என்னை எதுக்குக் கேக்கற!" என்று தன் அறையிலிருந்து கத்தினார். அழித்தேன். அவை அவர் மகளின் கல்யாண வீடியோக்கள். வேறு எங்கும் பிரதி இல்லை. இது எனக்குத் தெரிந்தது அன்று மாலைதான், எனவே மாலை வரும்போது அதைச் சொல்கிறேன்.

இரண்டாம் முறை கட்டளையைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு ஸ்தமேனா அம்மாள் வந்து, தன் புருஷன் குழி எந்த வரிசை என்று கேட்டிருக்கிறார். ஜன்னலில் இருந்தது பெர்சிதா. அவளுக்கு நாக்கு முந்தும், மூளை பின்னால் வரும்.

"இப்ப பாக்க முடியாதும்மா. உள்ள திஹோமிர் எல்லாரையும் வரிசையா மாத்தி வெச்சுட்டு இருக்கார். சாயங்காலம் வாங்க."

"யாரை மாத்தி வெக்கறான்?"

"எல்லாரையுந்தான். எல்லாம் கண்டபடி கிடக்குதாம். பட்டியல்படி பக்கத்துல பக்கத்துல போடுறாராம்."

"என் வீட்டுக்காரரையுமா?"

"ஒருத்தரையும் விடல."

ஸ்தமேனா அம்மாள் நேராகச் சந்தைக்குப் போனார். அதற்கு மேல் நான் சொல்லவே வேண்டாம், உங்களுக்கு ஊர் தெரியும். சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மிளகாயோடும், முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதி வெட்டிய தலையோடும் கல்லறைக்கு ஓடி வந்தார்கள். மறுநாள் படையலுக்கென்று வேகவைத்த கோதுமையையும் மெழுகுவத்தியையும் அன்றே தூக்கிக்கொண்டு, நாற்காலி போட்டு அவரவர் அப்பா அம்மா தலைமாட்டில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ராக்கியா சாராயப் புட்டியும் வந்துவிட்டது. அதற்குள் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் ஊர்வலம் பித்தளை வாத்தியத்தோடு வாசலுக்கு வந்து சேர்ந்தது. குழி எண்ணைப் பார்க்க வழியில்லை, அட்டவணை பூட்டிக் கிடக்கிறது. பழைய காகிதப் பதிவேடுகளோ நிலவறையில் வெள்ளம் புகுந்தபோதே கூழாகிவிட்டன. வாத்தியக்காரர்கள் தெரிந்த சோகப் பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, வேறு வழியில்லாமல் கல்யாணப் பாட்டில் இறங்கினார்கள். இறந்தவரின் மகன் என் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "எங்கப்பா வாழ்நாளெல்லாம் ரயிலைத் தாமதமில்லாம அனுப்பினவர்யா! அவரை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கியே!"

வுகோசாவா ஓடி வந்தார். "நிறுத்து அதை!"

"நிறுத்தினா இதுவரைக்கும் எழுதினது எல்லாம் போயிடும், மேடம். மறுபடி முதல்லேர்ந்து."

"அப்ப நிறுத்தாதே! சீக்கிரம் முடி!"

சீக்கிரம் முடிக்க அது என்ன சூப்பா, ஊதிக் குடிப்பதற்கு?

திட்டுகிறவர்களையாவது தாங்கிக்கொள்ளலாம், மச்சான். மனு கொடுக்க வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. கசாப்புக்கடை ஒப்ராத் புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றை என் மேசையில் வைத்துக் காதோரம் குனிந்தார். "தம்பி, எப்படியும் மாத்தறதுதான் மாத்தற. எங்கம்மாவ என் மாமியார் பக்கத்துல படுக்க வெச்சுட்டாங்க. ரெண்டு பேரும் உசிரோட இருந்தப்பவே ஒரே ரூம்ல இருந்ததில்ல. ஒருத்தர எடுத்து அந்தக் கடைசிக்குத் தள்ளிடேன்." அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. ஒருவருக்குத் தன் அப்பா லிண்டன் மர நிழலுக்குப் போக வேண்டும். ஓர் அம்மாளுக்குப் புருஷன் அவருடைய முதல் பெண்டாட்டியிடமிருந்து விலக வேண்டும். ஒருவர் தனக்கே ஓர் இடம் சொல்லிவைக்க வந்திருந்தார்.

எல்லாருக்கும் விளக்கிவிடலாம் என்று படியில் ஏறி நின்றேன். என் வாழ்க்கையில் நான் ஏறிய படிகளிலேயே மோசமான படி அதுதான். "பெரியோர்களே, நான் யாரையும் தோண்டல! பதிவுகளைத்தான் எடுத்துப் புது இடத்துல வரிசையா வெக்கறேன். முடிஞ்சதும் பழைய இடத்தைக் காலி பண்ணிடுவேன், அவ்வளவுதான்!" என்றேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "பழைய இடத்த யாருக்குடா விக்கப் போற?" அடுத்து வந்தது முட்டைக்கோஸ், முழுதாக. இடது காதில் இன்னும் ரீங்காரம் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் தெசாங்காவும் நின்றிருந்தாள். என்னைத் தனியே இழுத்துப் போனாள். காதைத் தடவிக் கொடுப்பாள் என்று நினைத்தேன்.

"திஹோ, அப்பா கீழ்ப் பகுதியில இருக்கார். மழைக்காலம் வந்தா ஆத்து ஈரம் ஏறுது. உசிரோட இருக்கறப்பவே அவருக்கு ஈரம் ஆகாது. ஊரே உன்கிட்ட வந்து கேக்குது, உன் சொந்த மாமனாருக்கு மேட்டுல ஒரு இடம் பாக்க உனக்குத் தோணலையா?"

"தெசாங்கா, நீயுமா? நான் யாரையும் மாத்தலடி!"

"மாத்த மனசில்லேன்னு சொல்லு," என்றாள். அழுதாள். அது நடிப்பில்லை, மச்சான், நிஜமான அழுகை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அங்கிருந்து உங்களிடம் என்ன சொன்னாள், அது கிராட்ஸ் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. தங்கை நகர்த்தவில்லை என்று பிரிந்து போகிறாள், அண்ணன் நகர்த்திவிட்டேன் என்று திட்டுகிறார். நான் எந்தப் பக்கம் தலையை நீட்டுவது?

ஒருவழியாகக் கட்டளை முடிந்தது. ரயில்வேக்காரரின் பெயரைத் தட்டினேன், கண் இமைப்பதற்குள் குழி எண் திரையில் வந்து நின்றது. அந்த அழகைப் பார்க்க ஆளில்லை. அவரை அடக்கம் செய்து முடித்த கையோடு வுகோசாவா மகளின் கல்யாணத்தைத் தேடினார். இதோ, மாலை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "அவ அப்பா அவளோட கைகோத்து ஆடினது அதுல மட்டுந்தான் இருந்துச்சு, திஹோமிர்," என்றார். அவள் அப்பா இந்த வசந்தத்தில் போனவர். கண் இமைப்பதற்குள் அவர் குழியையும் என்னால் காட்ட முடியும்.

இறந்தோர் சனிக்கிழமையன்று ஜன்னலில் ஓர் ஈ இல்லை. ஊரே முந்தின நாளிலிருந்து அவரவர் கல்லறையிலேயே உட்கார்ந்திருக்கும்போது, யார் வந்து வரிசை எண் கேட்பார்கள்? என் வேகமான அட்டவணையின் முன் நானும் பெர்சிதாவும் ஒப்ராத்தின் பன்றித் தொடையை வெட்டித் தின்றோம். பாதிரியார் பிரசங்கத்தில், இறந்தோரின் நித்திரையைக் கலைப்பவர்களைப் பற்றி என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். என் வேலையைப் பற்றி நகராட்சி முடிவு செய்யப் போகிறதாம். வீட்டில் தனியாக இருக்கிறேன். ரொட்டிக்கு மேல் அய்வார் மிளகாய்த் தொக்கைத் தடவக்கூடக் கை வரவில்லை.

ஆகவே மச்சான், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தெசாங்காவுக்கு ஒரு போன் போட்டு, என்னை வீட்டுக்காரனாக மறுபடி ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாள் விருந்துக்கு நான் வாசலோடு நின்றாலும் போதும். உங்கள் அப்பா தன் இடத்தில் அசையாமல் இருக்கிறார், என்றும் அப்படியே இருப்பார், அவரை யாரும் தொடப்போவதில்லை. இதற்கு நான் பொறுப்பு. வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு வாசலில் நல்ல செய்தி மட்டும் வந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு ஆளான
திஹோமிர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தெசாங்கா வந்துவிட்டாள், குழந்தைகளோடு, சிரித்துக்கொண்டு. அந்தக் கூட்டத்தைப் பார்த்த மேயர், தேர்தல் நெருங்குவதால், மேட்டுப் பகுதியைத் திறந்துவிட்டாராம். விரும்பியவர்கள் தங்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். என் வேலையும் போகவில்லை, இதற்கெல்லாம் ஆள் வேண்டுமே. அனுமதி கிடைத்த முதல் ஆள் உங்கள் அப்பா. நேற்றே போனில் நீங்கள் சம்மதம் சொல்லிவிட்டீர்களாம், "ஈரம் அவருக்கு ஆகாது" என்று அழுதீர்களாம். அப்படியானால் என்னைத் திட்டியது எதற்கு என்று கேட்டால், "அது வேற" என்கிறாள். ஆகவே மேலே நான் ஆணையிட்டதைத் திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் நம்பவும். வெட்டியான்கள் போதவில்லை, மருமகன் ஒரு மண்வெட்டி பிடிக்கட்டும் என்று தெசாங்கா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இன்னொன்று, யாரிடமும் சொல்லாதீர்கள்: அந்தக் கட்டளை போட்ட ஒழுங்கு அன்றைக்கு மட்டும்தான். அதன் பிறகு யாருடைய பதிவை மாற்றினாலும் அது காலி இடம் கண்ட மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் ஒழுங்கைக் குலைக்கும் முதல் ஆள் மாமனார்தான், அவருக்குப் பின்னால் ஊரே வரிசையில் நிற்கிறது. வுகோசாவா இப்போதே கேட்டுவிட்டார்: "எல்லாரையும் மாத்தி முடிச்சதும், அந்தக் கட்டளைய இன்னொரு தடவ போட்டுடுவ தானே?"