விசில்காரருக்கு விருந்து

முந்தின நாள் சாயங்காலம் தன் மகனுக்கு மூன்று ஃபவுல் ஊதின மனிதருக்கு, மறுநாள் காலையில் தன் கையாலேயே தோசை வைக்க வேண்டியிருந்ததுதான் பூவனநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொன்னு வைக்கட்டுமா சார்?"

"போதும் அண்ணாச்சி."

யோகராஜ் தலை நிமிராமல் சாப்பிட்டார். கூடைப்பந்து லீக்கின் ப்ளேஆஃப் ஆட்டங்களுக்குத் தலைமை நடுவராக வந்தவர். பங்குனித் திருவிழா நேரம், கோவில்பட்டியில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. ஆட வருகிறவர்களையும் ஊத வருகிறவர்களையும் வீடுகளில் தங்க வைத்துச் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கமிட்டி, மளிகைக்கடை பூவனநாதனின் மாடி அறையைக் கேட்டு வாங்கியது.

வந்த அன்றைக்கே யோகராஜ் பையைக் கீழே வைக்காமல் வாசலில் நின்றார். "உங்க பையன் கரிசல் டீம்ல ஆடுதான்னு இப்பதான் சொன்னாங்க. நான் வேற எங்கனயாவது தங்கிக்கிடுதேனே."

"ஏன், எங்க வீட்ல என்ன குறைச்சல்?" என்று பையைப் பிடுங்கி மாடியில் வைத்தவர் பூவனநாதன்தான்.

மகன் மணிகண்டபிரபுவுக்கு இருபத்தேழு வயது. வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் இந்தப் பந்துக்காகத் தள்ளிப்போட்டவன். நொய்யல் அணியோடு ஆடும் மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயித்து இறுதிக்குப் போனால் கரிசல் அணி அவனை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சென்னையில் மாமாவின் பாத்திரக்கடை. மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலே போட்டு வைத்துவிட்டார்.

முதல் ஆட்டத்தில் கரிசல் அணி ஒரு புள்ளியில் தப்பி ஜெயித்தது. ஆனால் நொய்யல் அணிக்காரன் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது வாயிலேயே தூங்கின விசில், மணிகண்டபிரபு மூச்சு விட்டதற்கெல்லாம் விழித்துக்கொண்டது. அதைப் பூவனநாதனால் மறக்க முடியவில்லை.

"நொய்யல்காரன் அவரை விலைக்கு வாங்கிட்டான்" என்றார் மனைவியிடம்.

"நீங்க பாத்தீயளாக்கும்?" என்றாள் கல்யாணசுந்தரி.

"பாக்க வேற செய்யணுமா? ஊதுததுதான் கேக்குதே. ஏட்டி, நம்ம கவனிப்பு பத்தல. இன்னைக்கு மத்தியானம் கறி எடு."

மத்தியானம் ஆட்டுக்கறி வறுவல், ஈரல், ரசம், உருக்கின நெய். பூவனநாதன் எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கிப் பொறுக்கி இலையில் வைத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. சாயங்காலம் மேட்ச் இருக்கு."

"அதுக்குத்தான் சார் தெம்பா சாப்பிடணும்."

ஒவ்வொரு துண்டு விழும்போதும் யோகராஜின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. மருந்து குடிப்பவரைப் போல விழுங்கினார். கூச்சப்படுகிறார் என்று பூவனநாதன் இன்னொரு கரண்டி வைத்தார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது கால்பகுதியிலேயே மணிகண்டபிரபுவுக்கு ஐந்தாவது ஃபவுல். ஐந்து விழுந்தால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் இல்லாத கரிசல் அணி பதினோரு புள்ளியில் தோற்றது.

"அண்ணாச்சி, அந்தாளுக்கு நீங்கதான சோறு போடுதீய? கொஞ்சம் பேதி மாத்திரையும் சேத்துப் போட்டிருக்கலாம்லா" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர். சுற்றிலும் சிரித்தார்கள். பூவனநாதனுக்கு மானம் போனது.

வீட்டில் கல்யாணசுந்தரி கரண்டியைத் தூக்கி எறிந்தாள். "இனி அந்தாளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டேன். என் பிள்ளை சோத்துல கைய வைக்காமப் படுத்துட்டான்."

"கெடுத்துராத. வீட்டுக்குள்ள வச்சுச் செஞ்சா யாருக்குத் தெரியும்? நாலு பேர் முன்னால செய்யணும். அப்பந்தான் கண்ணுல ஒரு இது இருக்கும்."

மூன்றாவது ஆட்டம். ஊரே கோர்ட்டைச் சுற்றி நின்றது. பந்தைத் தூக்கிப் போடும் முன் பூவனநாதன் மைக்கை வாங்கினார்.

"எங்க வீட்டு விருந்தாளி, எங்க குடும்பத்துல ஒருத்தர், யோகராஜ் சாருக்கு எங்க மரியாதை."

பட்டு வேட்டி, பொன்னாடை, ஒரு பெட்டி கடலைமிட்டாய். யோகராஜ் எல்லாவற்றையும் சூடு பட்டவர் போல ஸ்கோர் மேஜையில் இறக்கி வைத்தார். முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் நொய்யல் அணியின் மேனேஜர். எதிரியே தட்டுகிறான், வேலை முடிந்தது என்று பூவனநாதன் நிம்மதியாக உட்கார்ந்தார்.

இடைவேளைக்கு முன்பே மணிகண்டபிரபுவுக்கு நாலு ஃபவுல். பிறகு அவன் கையைக் கட்டிக்கொண்டு ஆடுகிற மாதிரி ஆடினான். கடைசி ஐந்து விநாடி, கரிசல் ஒரு புள்ளி பின்னால். பந்து அவனிடம் வந்தது. நேராக ஓடி எழும்பிப் போட்டான். கூடைக்குள் விழுந்தது.

விசில்.

எதிராளியை இடித்துவிட்டானாம். ஐந்தாவது ஃபவுல், கூடை செல்லாது. மணி அடித்துவிட்டது.

மணிகண்டபிரபு நடுவரைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். பூவனநாதன் எழுந்தார்.

நேராக ஸ்கோர் மேஜைக்குப் போனார். அங்கே புள்ளி எழுதுகிற பரமசிவன், பல வருடமாக யோகராஜுடனே ஊர் ஊராகப் போகிறவர், நோட்டை மூடிக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லும். நொய்யல்காரன் உம்ம ஆளுக்கு என்ன குடுத்தான்? நான் மேல வரைக்கும் பெட்டிசன் போடாம விடமாட்டேன்."

பரமசிவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யோகராஜ் சாரா? நொய்யல்காரன் கையால ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கல அண்ணாச்சி. அவிய சுபாவம் அப்படி. ஒரு வீட்ல கை நனைச்சிட்டா, சோத்துக்கு ஊதிட்டான்னு பேர் வந்துருமேன்னு பயந்து அந்த வீட்டுக்காரனையே போட்டுக் காச்சிருவாக. இது லீக் முழுக்கத் தெரிஞ்ச விசயம்தான்."

"லீக் முழுக்கன்னா?"

"பின்ன, அவியளை உங்க வீட்லதான் தங்க வைக்கணும்னு நொய்யல் மேனேஜர் எதுக்குக் கமிட்டிக்கு நடையா நடந்தாருங்கீய?"