சுபாஸ்ரீக்குப் பொரியல் இறங்கவில்லை

தட்டில் இருந்த பீன்ஸ் பொரியலை சுபாஸ்ரீ ஓரமாக ஒதுக்கினாள். அதுவும் போதாதென்று, தயிர்ச்சோற்றில் ஒட்டியிருந்த ஒற்றை பீன்ஸ் துண்டை விரல்நுனியால் எடுத்து, எறும்பை அப்புறப்படுத்துவதுபோல அதன் கூட்டத்தோடு சேர்த்துவிட்டாள்.

"ஆத்தா, அது உன்னைய என்ன செஞ்சுச்சு?" என்றார் மதன்குமார்.

"பிடிக்கலப்பா."

"முந்தாநாள் கேரட் பிடிக்கல. நேத்து கீரை பிடிக்கல."

"ஆமா. அதுகளும் பிடிக்கல."

மதன்குமாருக்குத் தேவாரத்தில் நாற்றுப் பண்ணை. தக்காளி, கத்தரி, மிளகாய் என்று பள்ளத்தாக்கில் பாதித் தோட்டங்களில் அவர் வளர்த்த நாற்றுதான் காய்த்துக்கொண்டிருந்தது. அவர் பெற்ற மகளோ காயைத் தொடமாட்டேன் என்கிறாள். வெளியே தெரிந்தால் தொழிலுக்கே அவமானம்.

மனைவி உமாதேவி போடியில் நர்ஸ். ஜூன் மாதத்திலிருந்து அவளுக்கு மதிய ஷிஃப்ட். சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். சாயங்காலம் மகளுக்குப் போட்டுக்கொடுப்பது மதன்குமாரின் வேலை. அதை அவர் ஒழுங்காகத்தான் செய்துவந்தார். தட்டை வைப்பார், குழம்பை ஊற்றுவார், போன் அடிக்கும், "சொல்லுங்கண்ணே, எத்தனை டிரே நாத்து வேணும்?" என்றபடி வாசலுக்குப் போவார். அப்போதெல்லாம் ஒரு புகாரும் இருந்ததில்லை.

சிக்கல் கபடியால் வந்தது. பன்னிரண்டு வயது சுபாஸ்ரீதான் பள்ளி அணியின் முதல் ரைடர். மாவட்ட அணிக்கான பத்து நாள் முகாம் அடுத்த மாதம் தேனியில். பயிற்சியாளர் தமிழ்மாறன் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கேம்ப்ல கீரை, பயறு, முட்டைன்னு என்ன போடுறாகளோ அதைத்தான் சாப்பிடணும். வீட்டுல சாப்பிடாத பிள்ளைய நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அதனால்தான் மதன்குமார் அன்று போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மிரட்டினால் வேலைக்காகாது என்று தோன்றியது. கல்லூரிக் காலத்தில் குமுளி பஸ்ஸில் ஒரு ஆட்டுக்குட்டி தன் பரீட்சை ஹால்டிக்கெட்டைத் தின்றதைச் சொன்னார். சுபாஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக ஐந்து துண்டு பீன்ஸ் உள்ளே போனது. மதன்குமார் எண்ணிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கதை சொன்னாத்தாம்ப்பா இறங்குது."

வியாழக்கிழமைக்குள் அவரிடம் இருந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தக்காளியில் இலைச்சுருள் நோய் எப்படிப் பரவுகிறது என்று சொன்னார். அதையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஆனால் காய் மூன்று துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

போனில் ஒரு டாக்டரம்மாவின் வீடியோ கிடைத்தது. 'பிள்ளைகளைச் சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தாங்களே செய்ததைத் தாங்களே சாப்பிடுவார்கள்.' நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த நாள் அப்பாவும் மகளும் பீட்ரூட் தோசையில் இறங்கினார்கள். அவர் சீவினார், அவள் மாவில் கலக்கினாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அடுப்படிச் சுவர், மிக்ஸி, மதன்குமாரின் வெள்ளை வேட்டி எல்லாம் சிவந்தன. சுபாஸ்ரீ சாப்பிட்டது அரைத் தோசை.

"நாளைக்கு முருங்கைக்கீரை அடை செய்வோமாப்பா?" என்றாள் ஆசையாக.

"சாப்பிடுவியா?"

"செஞ்சு பார்ப்போம்."

போன் அணைந்து கிடந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் பண்ணையில் வேறொன்று நடந்தது. எதை ஏற்றுவது என்று கேட்க ஆளில்லாமல், வேலையாள் சுருளிராஜன் கைக்கு எட்டிய டிரேக்களை வேனில் ஏற்றி வீரபாண்டிக்கு அனுப்பிவிட்டான். மறுநாள் மத்தியானம், நாற்றுக் கேட்டிருந்த முத்துப்பாண்டி வீரபாண்டியிலிருந்து போனில் கத்தினார்.

"யோவ் மதன், நான் கேட்டது கத்தரி. எறங்கியிருக்கது மிளகாய். நான் வந்து பார்க்குறதுக்குள்ள ஆளுக ஒரு குறுக்கம் நிலத்துல நட்டே முடிச்சுட்டாக. உன் போன் எங்கய்யா போச்சு?"

"பீட்ரூட் சீவிக்கிட்டு இருந்தேண்ணே."



"உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டு முத்துப்பாண்டி போனை வைத்தார்.

உமாதேவி நிலைமையைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னாள். "நல்லா சாப்பிடுற பிள்ளை ஒண்ணு பக்கத்துல உக்காந்தா இவளும் சாப்பிடுவா. நதியாவக் கூப்பிடுங்க."

நதியா அணியின் தடுப்பாட்டக்காரி. கல்லைக் கொடுத்தாலும் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பாள். வந்தாள். வெண்டைக்காய்க் கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் அவள் கண் முழுக்க சுபாஸ்ரீ பக்கமே இருந்தது. மதன்குமார் மகளிடம் கெஞ்சினார், அவரே உருட்டி ஊட்டினார், "இந்த ஒரு வாய்க்கு மூணாறு ரோட்டுல யானைய மறிச்ச கதை" என்று பேரம் பேசினார். நதியா கூட்டைக்கூட மறந்து வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் நதியாவின் அப்பா ஈஸ்வரபாண்டி போன் செய்தார். டிராக்டர் ஓட்டுகிற மனிதர், குரலே டிராக்டர் மாதிரி இருக்கும்.

"ஏய்யா, எம்மக உங்க வீட்டுக்கு வந்துட்டு வந்ததுல இருந்து வெண்டைக்கா வேணாங்குறா. என்னத்தய்யா போட்டீக?"

"வெண்டைக்காதாண்ணே போட்டேன்!"

"இப்ப நான் எதிர உக்காந்து கதை சொல்லணுமாம். எனக்கு என்ன கதைய்யா தெரியும்? கியர்பாக்ஸ் இறங்கின கதையத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அந்த வாரத்திலேயே காய் பிடிக்காத நோய் அணியில் இருந்த விஜிக்கு வந்தது, முத்துப்பேச்சிக்கு வந்தது, அதற்கப்புறம் வரிசையாக வந்தது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் மதன்குமாரின் பெயர் எழுதாத குறை. 'ஒரு வீட்டில் ஆரம்பித்தது' என்று ஒருவர் போட்டார். அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

தமிழ்மாறன் நேரிலேயே வந்துவிட்டார்.

"சார், என்ன பண்ணி வச்சிருக்கீக? எல்லாம் தின்னுக்கிட்டிருந்த பிள்ளைக. இப்ப பன்னெண்டு பேர்ல ஒம்பது பேரு வீட்டுல காயைத் தொடலையாம்."

"நான் ஒண்ணும் பண்ணல சார். கதைதான் சொன்னேன்."

"ஆனா கிரவுண்டுல ஒருத்திகூட சோரல. அதுதான் எனக்கு விளங்கல." பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். "சரி, ஞாயித்துக்கிழமை கடைசிப் பரீட்சை. எல்லா அப்பாக்களும் வாங்க. கிரவுண்டுலயே பந்தி. எந்தப் பிள்ளை மிச்சம் வைக்குதோ அது கேம்ப்புக்கு வராது."

சனிக்கிழமை முழுக்க மதன்குமார் பண்ணைப் பக்கமே போகவில்லை. பாசிப்பயறை முளைகட்டினார். கீரையை ஆய்ந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்தாள்.

"ஏத்தா, நாளைக்காவது அப்பா மானத்தக் காப்பாத்து."

"நீங்க பக்கத்துல இருப்பீகள்ல?"

"இருப்பேன்."

"அப்ப பார்ப்போம்ப்பா."

ஞாயிறு காலை மைதானத்து வேப்பமரத்தடியில் வாழையிலை விரித்தார்கள். பிள்ளைக்கு ஒரு இலை, பக்கத்திலேயே அப்பாவுக்கு ஒரு இலை. கீரைக்கூட்டு, பயறுச் சுண்டல், பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை. மதன்குமார் மகளின் இலையையே பார்த்தார். யானைக் கதையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார்.

கதைக்கு வேலையே வரவில்லை. சுபாஸ்ரீ பீன்ஸை முதலில் முடித்தாள். கீரையை இரண்டாம் முறை கேட்டாள். தள்ளி உட்கார்ந்திருந்த நதியா தன் இலையை முடித்துவிட்டு ஈஸ்வரபாண்டியின் இலையில் இருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு இலைகளும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. தமிழ்மாறன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பன்னிரண்டு பேரையும் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

அப்பாக்கள் மதன்குமாரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படிய்யா சாதிச்ச?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"பயறை முளைகட்டுற பக்குவம்ண்ணே. எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் மதன்குமார், கொஞ்சமும் கூசாமல்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. மைதானத்து வாசலில் சூப்பு வண்டி போட்டிருக்கும் மொக்கம்மாளிடம் போய்த் தண்ணீர் கேட்டார். குடித்த பிறகும் பெருமை அடங்கவில்லை.

"ஒரு மாசப் போராட்டம்க்கா. காயத் தொடாத பிள்ளைகள இன்னைக்குத்தான் சாப்பிட வச்சிருக்கேன்."

மொக்கம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ, சுபாஸ்ரீ அப்பாவா நீங்க? தெனமும் சாயங்காலம் வெளாண்டு முடிச்சு இங்கன கீரை சூப்பும் முட்டையும் காலி பண்ணிட்டுத்தான தம்பி அதுக வீட்டுக்கே வருதுக! வேணாம்னு சொன்னாத்தான் அப்பா பக்கத்துல உக்காருவாகன்னு அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்ததே உங்க மகதான!"