பிஸ்டன் வேண்டாம் என்ற மாப்பிள்ளை

ஹோம்புஷ், சிட்னி
ஆவணி 1977, திங்கட்கிழமை

என் மதிப்புக்கும் என் மனைவியின் அளவற்ற பாசத்துக்கும் உரிய மைத்துனர் விக்னராஜா அவர்களுக்கு,

சச்சிதானந்தன் எழுதிக்கொள்வது. மெல்பேணில் நீரும் குடும்பமும் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். இங்கே உம்முடைய தங்கை இராஜேஸ்வரி சுகம், மகள் யோகா சுகம். நான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீர்.

யோகாவுக்கென்று சிவபாலனைப் பிடித்துத் தந்தபோது என்ன எழுதினீர்? "அவரும் உங்களைப் போலை துவக்குச் செய்யிற எஞ்சினியர்தான் மச்சான், ரெண்டு பேருக்கும் கதைக்க விஷயம் இருக்கும்" என்றுதானே? இருந்தது ஐயா, தாராளமாக இருந்தது. நேற்றுத் தாயும் மகனும் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவனைக் கதிரையில் இருத்தி, மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்போமே என்று, "தம்பி, சைலன்சர் பூட்டின றைபிளுக்குப் பிஸ்டன்தானே நல்லது?" என்றேன். எந்த மாப்பிள்ளையும் "ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வடையை எடுப்பான். இவன் வடையைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை அங்கிள், நேர்க்குழாய்தான் நல்லது" என்றான். என் வீட்டில்! நான் வாங்கின கதிரையில் இருந்துகொண்டு!

உமக்கு இது விளங்காது, நீர் வங்கிக்காரர், ஆனாலும் கேளும். சுட்டவுடன் வருகிற வாயுதான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். என் முறையில் அது முன்னாலேயே ஒரு பிஸ்டனைத் தள்ளிவிட்டு அங்கேயே வெளியே போய்விடும். அவன் முறையில் ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்தச் சூடு, கரி எல்லாம் துவக்கின் உள்ளுக்கே வரும். இதில் சைலன்சரையும் பூட்டினால் முன்னுக்குப் போகிற வாயு தடைப்பட்டு, இன்னும் கூடப் பின்னுக்கு வந்து சுடுகிறவனின் கண்ணுக்குள் போகும். அவனோ, குழாய் என்றால் பாரம் குறைவாம், குறி தவறாதாம், பிஸ்டன் முன்னால் வாயுவை விடுகிற இடத்தில் சத்தம் வருமாம், பிறகு சைலன்சர் எதற்காம். நான் குசினிக்குள் போய் முறுக்கு உரலைக் கொண்டுவந்து பிஸ்டனை விளங்கப்படுத்தினேன். அதற்கும் அசையவில்லை. சரி, குழாயின் குறையைக் கண்ணால் காட்டுவோம் என்று யோகா குளிர்பானத்துக்கு வைத்திருந்த ஸ்ட்ரோவை எடுத்து, அதற்குள் பயத்தம் மாவைப் போட்டு, ஒரு ஊது ஊதினேன். அவனுடைய தாயார் அந்த நேரம் பார்த்தா கேசரி எடுக்கக் குனிய வேண்டும்? முகம், மூக்குக் கண்ணாடி, புதுச் சேலை எல்லாம் மா. "பார்த்தீரா தம்பி, முகத்துக்குத்தான் வரும் எண்டு சொன்னனானே!" என்று நான் கத்த, அவன் லேஞ்சியால் தாயின் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அங்கிள், அது குழாயின்ரை பிழை இல்லை, நீங்கள் ஊதினதாலை வந்தது" என்கிறான்!

இராஜேஸ்வரி என்னை இழுத்துக்கொண்டு போய்க் குசினியில் நிறுத்திவிட்டாள். யோகா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிட்னி முழுக்கத் தேடினாலும் அவளுக்கு இன்னொரு தமிழ்ப் பெடியன் கிடைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும், அந்தக் கவலையில் இரவு நித்திரையே இல்லை. என்றாலும் மாமனை மதிக்காதவனுக்குப் பெண் கிடையாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீரே அவர்களுக்கு எழுதிவிடும். கொண்டுவந்தவர் நீர்தானே.

உம்முடைய பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உமக்கு மட்டும் கோபம் ஆறியபின் அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
க. சச்சிதானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சிவபாலன் போன் எடுத்தான். "அங்கிள், யோசிச்சுப் பார்த்தன், நீங்கள் சொன்னதுதான் சரி, பிஸ்டன்தான்" என்றான். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. ஓடிப்போய் யோகாவிடம் சொன்னேன். அவள் முகம் கறுத்துப் போய்விட்டது. "அப்பா, உங்களுக்கு முன்னாலை இருந்து இல்லை எண்டு சொன்ன ஒரு ஆளை நேற்றுத்தான் கண்டனான். அதுக்குத்தான் எனக்கு அவரைப் பிடிச்சது. இனி அவரும் ஓம் ஓம் எண்டால், அதுக்கு இந்த வீட்டிலை அம்மா ஒராளே போதும். எனக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்கிறது மச்சான், என்னால் தாங்க முடியவில்லை. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உடனே அந்தப் பெடியனுக்குப் போன் எடும். வருகிற ஞாயிறு வந்து என்னோடு நல்லாய்ச் சண்டை பிடிக்கச் சொல்லும்.