இலை பார்த்துப் பின்னிய சால்வை

என்மேல் நம்பிக்கை வைக்காத, ஆனாலும் பாசம் குறையாத அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே உன் நலமும், நீ கட்டி வைத்திருக்கும் பெட்டிகளின் நலமும் அறிய ஆவல்.

மகனோடு இருக்க அந்தக் குளிர் ஊருக்கே குடிபோகிறேன் என்று நீ சொன்னபோது, என் கையாலேயே உனக்கொரு சால்வை பின்னித் தருவதாகச் சொன்னேன். நீ போனிலேயே சிரித்தாய். "நீயா? உன் தோட்டத்துல பாதி போட்ட வேலி இன்னும் அப்படியே நிக்குது!" அந்தச் சிரிப்புக்காகத்தான் மூன்று வாரமாகக் குரோஷா ஊசியும் கையுமாக இருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவனுக்கு ஒரு சால்வை எம்மாத்திரம்!

மனைவியின் கூடையில் மிச்சம் கிடந்த உல்லன் நூல் உருண்டைகள் பதினேழு. வாசல் மரத்தில் இலையுதிரும் பருவம்; மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று கண்ணைப் பறித்தது. அதே நிறங்கள்தான் வேண்டுமென்று ஓர் இலையைப் பறித்து மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து நூலை எடுத்தேன். திங்களன்று சிவப்பு சரியாக இருந்தது. புதனன்று பொருந்தவில்லை, அவிழ்த்தேன். வெள்ளியன்றும் பொருந்தவில்லை, மறுபடி அவிழ்த்தேன். நூல் சாயம் போகிறது என்று நான் குதிக்க, மனைவி எட்டிப் பார்த்து, "நூல் அப்படியேதாங்க இருக்கு, உங்க இலைதான் காயுது" என்றாள். விடுவேனா? மறுபடி ஆரம்பித்தேன். அடுத்து ஓரம் கோணியது. "ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணிய விட்டுட்டுத் திரும்புறீங்க" என்றாள். ஊரார் எல்லையைக் காத்தவன் சொந்தச் சால்வையில் ஒன்றரைச் சாண் அகலத்தை இழந்திருந்தேன். அதையும் மீட்டேன். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வெளியே காத்திருக்கையிலும் பின்னினேன். உருண்டை உருண்டு உள்ளே ஓடிவிட்டது. டாக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "யாரோடது இது?" என்றார். மரத்துப்போன வாயோடு கையைத் தூக்கினேன்.

சால்வை முடிந்துவிட்டது அக்கா! மனைவி ஒரு கண்ணிகூடத் தொடவில்லை. இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. வழியனுப்ப நான் வரமாட்டேன். நீ வண்டி ஏறுவதைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. எனக்குப் பதிலாக இதைத் தோளில் சுற்றிக்கொள்.

போகிற இடத்தில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமலிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் மகனுக்கு என் ஆசிகள்.

வேலையை முடித்துக் காட்டிய
உன் தம்பி

பி.கு.: அஞ்சலகத்திலிருந்து எழுதுகிறேன். கடைசிக் கண்ணியை முடிச்சுப் போட்டு இறுக்க மறந்திருக்கிறேன். பெட்டியில் வைக்கும்போது நூல்நுனி அங்கிருந்த ஊழியரின் சுழல் நாற்காலியில் மாட்டிக்கொண்டது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று நாலு பேரைக் கவனித்துவிட்டு, "சார், உங்க சால்வை சின்னதாகிட்டே வருதே" என்றார். இருபத்திரண்டு வரிசை போய்விட்டது. ஆகவே கடிதம் மட்டும் இப்போது வருகிறது. சால்வையை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை நானே வருகிறேன். உன் வீட்டில் உட்கார்ந்து மீதியைப் பின்னி முடிக்கும்வரை நீ கிளம்பக் கூடாது. நான் எவ்வளவு மெதுவாகப் பின்னுவேன் என்பது உனக்கு இன்னும் தெரியாது.